பள்ளியின் செய்தியைச் சுமப்பவருக்கு ஓர் ஆண்டு விருது: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

நல்லாசிரியருக்கு விருது தருகிறோம். ஓட்டப்பந்தயத்தில் முந்திய பிள்ளைக்குக் கிண்ணம் தருகிறோம். பள்ளியில் நடப்பதை வீட்டுக்கும், வீட்டில் நினைப்பதைப் பள்ளிக்கும் ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் பள்ளித் தொடர்பாளருக்கும் ஆண்டுதோறும் ஒரு விருது தரலாமே என்று சிங்கப்பூர்ப் பள்ளிகளின் பெற்றோர் ஆதரவுக் குழு நண்பர்களிடமும் தமிழாசிரியர்களிடமும் பேசிவருகிறேன். அப்போது வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என் சொந்தக் கருத்துகள். கல்வி அமைச்சின் நிலைப்பாடு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பள்ளியில் இதைத் தொடங்க நினைத்தால் உதவும் என்று சில நடைமுறை விவரங்களையும் சேர்த்திருக்கிறேன்.

யார் இந்தப் பள்ளித் தொடர்பாளர்? எங்கள் பள்ளியில் அப்படி ஒரு பதவியே இல்லையே.

பதவி இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறது. அனைத்துலகப் பள்ளிகளில் பெரும்பாலும் தொடர்புப் பிரிவு என்றே தனியாக ஒன்று இருக்கும். பள்ளி இதழ், சேர்க்கை விளம்பரம், செய்தியாளர்களின் கேள்வி என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே ஆள் உண்டு. நம் வட்டாரப் பள்ளிகளில் அதே வேலை பலர் தலையில் பகிர்ந்து விழுகிறது. சுற்றறிக்கையைத் துணை முதல்வர் திருத்துகிறார். அலுவலக முகப்பில் இருக்கும் ஊழியர் தொலைபேசியை எடுக்கிறார். வகுப்பாசிரியர் அழுகிற பிள்ளையின் தாயிடம் பேசுகிறார். பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தை யாரோ ஓர் இளம் ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார்; “உனக்குத்தான் கணினி நன்றாக வருமே” என்று சொல்லிக் கட்டிவிட்ட பொறுப்பாக அது இருக்கும்.

கல்யாண வீட்டில் பந்தியைக் கவனித்துக்கொள்பவர் போலத்தான் இவர்களும். எல்லாம் சரியாக நடந்தால் அவர் யார் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. சாம்பார் தீர்ந்துபோனால் மட்டும் ஊரே தேடும். ஆகவே விருதின் விதிகளை எழுதும்போது பதவிப் பெயரைத் தகுதியாக வைக்காதீர்கள். “பள்ளிக்கும் குடும்பங்களுக்கும் இடையிலான தகவல் தொடர்பில் பங்காற்றும் எந்த ஊழியரும்” என்று எழுதினால் போதும்.

இப்படியொரு விருது வேறெங்காவது இருக்கிறதா?

அமெரிக்காவில் இருக்கிறது. அங்குள்ள தேசியப் பள்ளிப் பொதுமக்கள் தொடர்புச் சங்கம் 1935-இல் தொடங்கியது. தனிமனிதரின் பணிக்கு, பள்ளி வெளியீடுகளுக்கு, முழுத் தொடர்புத் திட்டங்களுக்கு என்று பல பிரிவுகளில் அந்தச் சங்கம் விருது வழங்குகிறது. மாநிலக் கிளைகளும் தங்கள் பங்குக்கு வழங்குகின்றன.

அங்கே இது ஒரு தொழிலாகவே வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஏறக்குறைய 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழுதான் நடத்துகிறது. பள்ளிச் செலவில் பெரும் பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. புதுக் கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடுவதென்றால், பல மாநிலங்களில் அதற்கும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பிள்ளையே இல்லாத வீட்டுக்காரரிடமும் போய் இந்தப் பள்ளிக்கு ஏன் பணம் தர வேண்டும் என்று விளக்க வேண்டியிருக்கும். விளக்குவதையே வேலையாகச் செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டார்.

இங்கே சிங்கப்பூரில் 300-க்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒரே கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன. பள்ளிக்கூரை மாற்ற யாரும் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருவதில்லை. அதனால் அந்தப் பதவி இங்கே முளைக்கவில்லை. அதற்காக நம் பெற்றோருக்குக் கேள்விகள் குறைவா என்ன? தொடக்கநிலை 1 (முதல் வகுப்பு) பதிவு தொடங்கும் மாதத்தில் ஏதேனும் ஒரு பள்ளி அலுவலகத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

அமெரிக்கர்களிடமிருந்து கடன் வாங்கத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. திட்டங்களுக்கான பிரிவில் விண்ணப்பிப்பவர் நான்கைக் காட்ட வேண்டும்: முதலில் என்ன விசாரித்தீர்கள், என்ன திட்டமிட்டீர்கள், என்ன செய்தீர்கள், அது பலித்ததா என்று எப்படிச் சோதித்தீர்கள். நம் ஊர் அறிக்கைகளில் மூன்றாவது மட்டும் பக்கம் பக்கமாக இருக்கும். முதலாவதும் நான்காவதும் இல்லாத விண்ணப்பத்தை அப்படியே ஓரமாக வைத்துவிடலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் விருதுகள் போதாதா?

அவை வேறு வேலையைப் பார்க்கின்றன. 1998 முதல் வழங்கப்படும் நாட்டு அதிபரின் ஆசிரியர் விருது கற்பித்தலுக்கானது. தமிழ் முரசு நாளிதழ், சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம், தமிழ்மொழி கற்றல் வளர்ச்சிக் குழு மூன்றும் சேர்ந்து வழங்கும், 2002-இல் தொடங்கிய நல்லாசிரியர் விருது தமிழாசிரியர்களுக்கானது. சிங்கப்பூர்ப் பொதுமக்கள் தொடர்புக் கழகத்தின் பிரிசம் விருதுகள் பெருநிறுவனங்களும் விளம்பர நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் மோதும் களம். அலுவலக முகப்பில் இருபது ஆண்டு உட்கார்ந்திருக்கும் ஊழியர் இந்த மூன்றில் எதற்குள்ளும் நுழைய முடியாது.

நல்லாசிரியர் விருதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அங்கே மாணவர்களும் பெற்றோரும் முன்மொழியலாம். மேலதிகாரி பார்வையில் மட்டும் நல்லவராக இருந்தால் போதாது என்பதை அந்த ஒரு விதியே சொல்லிவிடுகிறது.

ஏற்கெனவே போட்டி போட்டுக் களைத்த ஊர் இது. இன்னும் ஒரு விருதா?

நியாயமான எரிச்சல்தான். பள்ளிகளுக்கு விருதுமேல் விருதாக வழங்கிவந்த பெருந்திட்டத்தைக் கைவிடுவதாகக் கல்வி அமைச்சே 2012-இல் அறிவித்தது. உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்வு முடிவுப்படி அடுக்கும் பட்டியலும் அப்போதுதான் போனது. விருதுக்காகவே நிகழ்ச்சி நடத்துவது, நிகழ்ச்சிக்காகவே ஆசிரியரின் மாலைப்பொழுதைப் பிடுங்குவது என்ற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

அதனால் என் யோசனை: விருது ஒரு நபருக்கு, அல்லது மூவர் நால்வர் கொண்ட சிறு குழுவுக்கு, அவர்கள் செய்த குறிப்பிட்ட வேலைக்காக மட்டும். பள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் வாசலில் தொங்கவிடும் பதாகைக்கு இதில் இடம் வேண்டாம். இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, ஆறுதல் பரிசு எதுவும் வேண்டாம். விருதுக்கென்று புதிதாக எதையும் தயாரிக்கவும் கூடாது. ஏற்கெனவே அனுப்பிய கடிதம், ஏற்கெனவே நடந்த சந்திப்பு, ஏற்கெனவே வந்த பதில் ஆகியவைதான் ஆவணம்.

சிறந்த தொடர்பாளர் என்று எதை வைத்துச் சொல்வது?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு சிறு விஷயத்தை எடுத்துக்கொள்வோம்: பள்ளி சீக்கிரம் விடுவது. முன்மாதிரிக்கு நானே புனைந்த ஒரு கடிதம் இப்படித் தொடங்குகிறது: “எமது பள்ளி முழுமையான கல்வியின் மேன்மையில் உறுதியான நம்பிக்கை கொண்டுள்ளது. அவ்வகையில் மாணவர்களின் உடல், உள்ள வளர்ச்சியைப் பேணும் பொருட்டு...” விளையாட்டு விழாவின் நோக்கம் இரண்டு பத்தி. ஆதரவாளர்களுக்கு நன்றி ஒரு பத்தி. பள்ளி 11.30-க்கு முடியும் என்பது நான்காம் பத்தியின் நடுவில். எந்த வாயிலில் பிள்ளையை அழைத்துக்கொள்வது என்பது இணைப்பில், மூன்றாம் பக்கத்தில்.

அதே செய்தியை இன்னொருவர் எழுதுகிறார்: “நாளை, வியாழக்கிழமை, பள்ளி 11.30 மணிக்கு முடியும். பிள்ளையைப் பின்வாயிலில் அழைத்துக்கொள்ளுங்கள், முன்வாயில் மூடியிருக்கும். பள்ளிப் பேருந்து 11.45-க்குப் புறப்படும். அந்நேரத்துக்கு வர முடியாதவர்கள் இன்று மாலை 5 மணிக்குள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், பிள்ளை 1.30 வரை நூலகத்தில் இருக்கலாம்.” விளையாட்டு விழாவின் மேன்மை பற்றி ஒரு சொல்கூட இல்லை. மூன்றாவது வாக்கியத்தையும் நான்காவதையும் பாருங்கள். பேருந்தில் போகும் பிள்ளையையும், வேலையிலிருந்து வர முடியாத தாயையும் முன்கூட்டியே நினைத்துப் பார்த்த ஒருவர் எழுதியது அது. அந்த நினைப்புக்குத்தான் விருது.

அடுத்தது, செய்தி யார் கையில் போய்ச் சேருகிறது என்பது. 2019 ஜனவரியிலிருந்து நம் பள்ளிகள் பெற்றோருக்குச் செய்தி அனுப்ப ‘பேரன்ட்ஸ் கேட்வே’ செயலியைப் பயன்படுத்துகின்றன. காகிதப் படிவங்கள் பெருமளவு ஒழிந்தன, நல்ல காரியம். ஆனால் அதற்குள் நுழைய வேண்டியது பெற்றோர், அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் கணக்கு வழியாக. பள்ளி வாசலில் ஒரு மணிக்குக் குடையோடு நிற்பது பெரும்பாலும் பாட்டி, தாத்தா, அல்லது பணிப்பெண். செய்தி ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலக வட்டாரத்தில் ஏதோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மகனுக்குப் போயிருக்கும். அவர் அதைத் திறந்து பார்த்ததாகவும் பதிவாகியிருக்கும். பாட்டிக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு பள்ளி அலுவலகத்தில் நான் கண்ட காட்சி இது. ஆண்டின் முதல் வாரம். பேரனை அழைத்துப்போக வந்த தமிழ்ப் பாட்டி, வழக்கமான வாயில் மூடியிருப்பதைக் கண்டு பதறி அலுவலகத்துக்குள் வந்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் வராது. பழைய தலைமுறைச் சந்தை மலாய் நன்றாக வரும். முகப்பில் இருந்தவர் மலாய்க்காரர். “மக்சிக் (அம்மா), உட்காருங்கள்” என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, மலாயிலேயே பேசிக்கொண்டு, ஒரு துண்டுத் தாளில் பள்ளியின் மதிலை வரைந்தார். உணவுக்கூடத்தை ஒரு கட்டமாகப் போட்டார். அதைச் சுற்றி அம்புக்குறி. பின்வாயிலில் ஒரு குடை. அடியில் 1.30 என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார். பாட்டி தாளை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஊழியர் செய்ததுதான் முக்கியம். அதே படத்தை இன்னும் சில தாள்களில் வரைந்து காவலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார், இதே போல் இன்னும் பலர் வருவார்கள் என்று.

எந்த மதிப்பெண் அட்டவணையிலும் அந்தக் குடை இடம்பெறாது. நடுவர்கள் இரண்டு கேள்வி கேட்டால் போதும், அது தானாக மேலே வந்துவிடும்: இந்தச் செய்தி யாருக்குப் போய்ச் சேராது என்று முன்கூட்டியே யோசித்தாரா? சேரவில்லை என்று தெரிந்ததும் என்ன செய்தார்?

காணொளி, இன்ஸ்டகிராம், வண்ண இதழ் இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் கிடையாதா?

உண்டு, கொஞ்சம். அழகாக இருப்பது குற்றமில்லை. ஆனால் ஒரு காணொளியை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்றால், அவர்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடலாம்.

நெருக்கடி நேரத்தில் செய்த வேலையைத் தனியாக மதிக்க வேண்டுமா?

கட்டாயம். இந்த வேலையின் தரம் அப்போதுதான் வெளியே தெரியும்.

2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது மார்ச் 27 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. செயலியெல்லாம் இல்லாத காலம் அது. 2015-இல் புகைமூட்டம் அபாய அளவைத் தொடும் நிலைக்கு வந்ததால், செப்டம்பர் 25 அன்று தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்படும் என்ற அறிவிப்பு முந்தின நாள் மாலையில்தான் வந்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பிள்ளையோடு வாசலில் யாரும் வந்து நிற்காதபடி பார்த்துக்கொள்ள ஓர் இரவுதான் கையில் இருந்தது.

கோவிட் பரவிய 2020 இன்னும் கடினம். வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து கற்றல் என்று மார்ச் இறுதியில் அறிவிப்பு. பெற்றோர் அதற்கே விடுப்பும் ஆளும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போது, ஏப்ரல் 3 அன்று இன்னோர் அறிவிப்பு: 8-ஆம் தேதியிலிருந்து முழுவதும் வீட்டிலிருந்தே. கணினி இல்லாத வீடுகளுக்குப் பள்ளிகள் இரவல் கொடுத்தன. எந்த வீட்டில் கணினி இல்லை என்று கண்டுபிடிப்பதே ஒரு தொடர்பு வேலை. “எங்கள் வீட்டில் இல்லை” என்று தானாக வந்து சொல்ல எல்லாப் பெற்றோருக்கும் வாய் வராது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கைப்பேசி என்பதைத் தொலைபேசியில் பக்குவமாகக் கேட்டறிந்த ஆசிரியர்கள் பலர். அவர்களில் எவருக்கும் அதற்காகச் சான்றிதழ் கிடைத்திருக்காது.

நடுவர்கள் முதல் சில மணி நேரத்தைப் பார்க்க வேண்டும். தெரிந்ததை மட்டும் சொன்னாரா, தெரியாததைத் தெரியாது என்றாரா, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று குறிப்பிட்டாரா, சொன்ன மணிக்கு அது வந்ததா. செயலி ஒன்று சொல்ல, காவலர் இன்னொன்று சொல்ல, அலுவலகத் தொலைபேசி வேறொன்று சொல்லும் பள்ளியில் எத்தனை அழகாகக் கடிதம் எழுதியும் பயனில்லை.

தமிழ் பேசும் குடும்பங்களுக்கு இதில் என்ன?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள் ஏறக்குறைய 2.5 விழுக்காட்டினர்தான். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை, சில வகுப்புகளில் அதுவும் இல்லை. எண்ணிக்கை சிறிது என்பதால் விட்டுப்போவது எளிது. இந்த விருது பெரும்பான்மையை எட்டியதற்கு மட்டும் தரப்படுமானால், நம் வீடுகள் கணக்கிலேயே வராது. அதனால்தான் யாருக்குச் சேரவில்லை என்ற கேள்வியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாக் கடிதத்தையும் தமிழில் போடச் சொல்லவில்லை. பெரும்பாலான இளம் பெற்றோருக்கு ஆங்கிலமே போதும். எப்போது போதாது என்று தெரிந்திருப்பதில்தான் திறமை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு 250-க்கு மேல் வாங்கினால் வீட்டில் கேசரி கிண்டுவார்கள். 2021 முதல் நான்கு பாடங்களுக்கும் சேர்த்து 4 என்பதுதான் ஆகச் சிறந்த மதிப்பெண், 32 கடைசி. எண் குறையக் குறையப் பெருமை! பேத்தி 9 வாங்கியதைக் கேட்டு முகம் வாடிய தாத்தாவுக்கு இதைப் புரியவைக்க, அச்சிட்ட கையேட்டைவிடத் தமிழில் பேசும் ஒருவர் பெற்றோர் சந்திப்பு நாளில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். 2024-இல் உயர்நிலைப் பள்ளியில் விரைவு, வழக்கம் என்ற பழைய பிரிவுகள் போய், பாடத்துக்குப் பாடம் தனித்தனி நிலையில் படிக்கவிடும் பாட அடிப்படையிலான வகைப்பாடு முழுமையாக வந்தபோதும் இதே நிலைதான்.

அந்தப் பத்து நிமிடத்தைத் தருபவர் பெரும்பாலும் தமிழாசிரியர். “ஒரு சின்ன மொழிபெயர்ப்புத்தான், ஐந்து நிமிடம்” என்று மாலை நான்கு மணிக்கு அவர் மேசைக்கு வரும் தாள்களை யாரும் எண்ணுவதில்லை. தாய்மொழி ஆசிரியர்கள் சீனம், மலாய், தமிழ் மூன்று மொழியிலும் செய்யும் இந்த உபரி வேலையை முன்மொழிவில் தாராளமாகக் குறிப்பிடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டி அனுப்பிய பள்ளிக்கும், ஒருவரைப் படிக்கவைத்துத் திருத்தி அனுப்பிய பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தமிழ் நடுவர் இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் ஆசிரியரை முன்மொழியலாமா?

முன்மொழியலாம், ஆனால் வேறு காரணத்துக்காக. பள்ளி நேரம் முடிந்தபின் அவசரமில்லாத செய்திகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோருக்குத் தர வேண்டியதும் இல்லை என்று கல்வி அமைச்சின் 2024 வழிகாட்டிக் குறிப்புகள் தெளிவாகச் சொல்கின்றன. பெற்றோர் கேட்டு வாங்கிய பலவீனத்துக்குப் பெற்றோரே பரிசும் கொடுத்தால் அடுத்த ஆசிரியரின் தூக்கமும் போகும். முன்மொழிவில் “எந்த நேரத்திலும் பதிலளிப்பார்” என்ற வரி வந்தால் அதைத் தகுதியாகக் கொள்ள வேண்டாம் என்று நடுவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவில் யாரும் கேட்கத் தேவையில்லாதபடி மாலையிலேயே தெளிவாக எழுதி அனுப்புகிறவரைத் தேடுங்கள்.

யார் முன்மொழியலாம்?

பெற்றோர், பாதுகாவலர், தாத்தா பாட்டி, சக ஊழியர், உயர்நிலை மாணவர். தன்னைத்தானே முன்மொழிவதும் சரியே; கூச்ச சுபாவமுள்ள நல்ல ஊழியர்களை எவரும் கவனிக்காமல் போவதற்கு அது ஒரு மாற்று. முன்மொழிவைத் தமிழிலோ, மலாயிலோ, சீனத்திலோ எழுதவும் வழி இருக்க வேண்டும். எழுத வராதவர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னால் இன்னொருவர் எழுதிக்கொள்ளலாம். தொடர்புக்கான விருதுக்கு ஆங்கிலப் படிவம் மட்டும் வைப்பதைவிட வேடிக்கை உண்டா?

முன்மொழிவை எப்படி எழுதுவது?

ஒரு பக்கம் போதும். “அர்ப்பணிப்பு உணர்வோடு அயராது உழைக்கும் பண்பாளர்” என்று தொடங்கும் முன்மொழிவுகளை நடுவர்கள் மூன்றாவது வரியிலேயே மறந்துவிடுவார்கள். ஏனென்றால் இருபது பேரைப் பற்றியும் அதையே எழுதியிருப்பார்கள். என்ன பிரச்சினை இருந்தது, அவர் என்ன செய்தார், பிறகு என்ன மாறியது என்று நடந்ததைச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக: “நீச்சல் வகுப்புக்கான ஒப்புதல் படிவத்தை எங்கள் வகுப்பில் ஏழு பெற்றோர் அனுப்பவில்லை. அவர் ஏழு பேரையும் அழைத்துப் பேசினார். நால்வருக்குச் செயலியில் நுழையத் தெரியவில்லை. இருவர் கட்டணம் கட்ட வேண்டும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஒருவர் மருத்துவமனையில் இருந்தார். அடுத்த கடிதத்தில் ‘கட்டணம் இல்லை’ என்பது முதல் வரியாக இருந்தது.” இது நான் மாதிரிக்கு எழுதியதுதான். ஆனாலும் இந்தச் சில வரிகளில் அந்த ஆளை உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?

உண்மையான கடிதத்தையோ படத்தையோ இணைத்தால், பிற குடும்பங்களின் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் என்றால் அவர்களுடைய பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். குடும்பச் சிக்கல், நோய், பணக்கஷ்டம் பற்றிய செய்தி எத்தனை உருக்கமாக இருந்தாலும் முன்மொழிவில் அடையாளம் தெரியும்படி வரக்கூடாது. பிறர் நம்பிச் சொன்னதை வெளியே விடாமல் காப்பதும் இவர்கள் தொழிலின் ஒரு பகுதி.

நடுவர்களாக யாரைப் போடலாம்?

ஐவர் போதும். ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர் ஒருவர், செய்தித்துறை அனுபவம் உள்ளவர் ஒருவர், வேறு பள்ளியின் அலுவலக ஊழியர் ஒருவர், பெற்றோர் இருவர். அந்தப் பெற்றோரில் ஒருவராவது ஆங்கிலத்தில் சரளமில்லாதவராக இருக்கட்டும். இதைச் சொன்னால் சிலர் நெளிகிறார்கள். ஐந்து கடிதங்களைக் கொடுத்து “எது புரிந்தது?” என்று கேட்டால், மற்ற நால்வரும் அரை மணி நேரம் வாதிட்டுச் சொல்லும் பதிலை அவர் நொடியில் சொல்லிவிடுவார்.

பணியில் இருக்கும் முதல்வர் தம் பள்ளி ஊழியருக்கு நடுவராக இருக்கக் கூடாது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

பரிசாக என்ன தரலாம்?

பணமுடிப்பு வேண்டாம். அரசாங்க ஊழியர்கள் பரிசு பெறுவதற்குக் கண்டிப்பான விதிகள் உண்டு; நல்லெண்ணத்தில் கொடுத்து அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. எதைத் தருவதானாலும் முன்கூட்டியே பள்ளி முதல்வரிடம் பேசிவிடுங்கள். கண்ணாடியில் செய்த கனத்த கேடயம் வீட்டு அலமாரியில் தூசி வாங்கும். முன்மொழிந்த பெற்றோரின் கடிதத்தையே நல்ல தாளில் அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பயிலரங்கு ஒன்றுக்கு அனுப்பிவைத்து, அன்றைய அவர் வேலையை வேறு ஆள் பார்த்துக்கொள்ளப் பள்ளி ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி தண்டனை.

எப்போது வழங்குவது?

செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை வரும் ஆசிரியர் தினத்தோடு சேர்க்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, அலுவலக ஊழியரும் காவலரும் அந்த மேடையில் விருந்தாளிகளாகிவிடுவார்கள். பள்ளி ஆண்டு முடியும் நவம்பரில், பெற்றோர் ஆதரவுக் குழுவின் கடைசிக் கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜூலையில் அறிவித்து, செப்டம்பர் விடுமுறை முடியும்வரை முன்மொழிவுகளை வாங்கினால் நேரம் தாராளமாக இருக்கும்.

ஓர் ஆண்டு தகுதியான ஆளே இல்லை என்றால்?

அந்த ஆண்டு வழங்காதீர்கள்.

ஒரு முறை பெற்றவர் மறுபடியும் பெறலாமா?

மூன்று ஆண்டு இடைவெளி விடலாம். அதற்குள் அவரை நடுவர் குழுவில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் எழுதிய கடிதங்களில் நல்லவற்றைப் பள்ளி அலுவலகத்தில் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த ஜனவரியில் புதிதாக வேலைக்கு வருபவர், வாயில் மாறியதைப் பெற்றோருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தால் முதலில் அந்தக் கோப்பைத் திறக்கட்டும்.